அமைதியாக உறங்கினார்

மூன்று இரவுகள் அப்படித்தான் எழுதினேன்.
ஏழாம் படுக்கை, ஹில்யா கோர்தெஸ்மா, வயது எண்பத்து மூன்று,
இடுப்பெலும்பு முறிவு, அறுவை முடிந்தது.
அமைதியாக உறங்கினார். தொந்தரவு இல்லை.

தொந்தரவெல்லாம் ஒன்பதாம் படுக்கைக்கு.
ரெய்னோ அங்கே கப்பலில் இருந்தார்.
ஊசிக்குழாயைப் பிடுங்கி நங்கூரம் என்றார்.
பனி உடைகிறது, இடப்பக்கம் திருப்பு என்று
விடிய விடிய வார்டையே தரைதட்ட வைத்தார்.
அவருக்கு மருத்துவர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள்,
மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.
கத்துகிறவருக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது என்று
தரை துடைக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

கெமியில் ஜூன் மாதம் இருட்டுவதில்லை.
மூன்று மணிக்கே திரைச்சீலையின் இடுக்கில்
வெயில் வந்து நிற்கும்.
தூக்கம் கெடுமே என்று
ஹில்யாவுக்கு நான்தான் மாத்திரை கொடுத்தேன்.
மருந்துச்சீட்டில் இருந்ததுதான்:
தேவைப்பட்டால்.
யாருக்குத் தேவைப்பட்டது என்பதை
அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் மாலை தம்பி ஆர்மாஸ் வந்தார்.
தொப்பியை மடியில் வைத்து அரைமணி உட்கார்ந்திருந்தார்.
போகும்போது என் மேசையருகே நின்று
"இது என் அக்கா இல்லை" என்றார்.
நல்ல ஓய்வில் இருக்கிறார் என்றேன்.
"எழுபது வருடத்தில்
அவள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை.
இன்று எட்டு வாக்கியம் முடித்தேன்."

ஹில்யா என்றால் எங்கள் மொழியில் ஓசையில்லாதவள்.
பெயரை நம்பிவிட்டேன்.

நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
நின்றபடி கேட்டதற்கெல்லாம் அவர்
ம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்,
நானும் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு
நகர்ந்திருந்தேன்.
"மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள், பார்க்கலாம்."
எங்கள் மாதங்களுக்குள் பொருட்கள் இருக்கும்.
"கிறிஸ்துமஸ் மாதம்" என்றார்.
"சாவு மாதம். சேற்று மாதம்.
சேற்று... சேறு..."
அங்கேயே கால் புதைந்துவிட்டது.
கண் என்னைவிட்டுக் கூரைக்குப் போனது.
விரல்கள் போர்வையில் எதையோ எடுத்து
இடமும் வலமுமாய் வைத்துக்கொண்டிருந்தன.
முப்பது வருடம் தபால் பிரித்த விரல்கள்.
மூன்று இரவும் அதைப் பார்த்தேன்,
போர்வையை நீவுகிறார் என்று நினைத்தேன்.

மருத்துவரை எழுப்பினேன்.
"தொந்தரவு செய்கிறாரா?"
"இல்லை. அதுதான் தொந்தரவு."

மூத்திரப்பையில் தொள்ளாயிரம் மில்லி முட்டி நின்றது.
வலிக்கிறது என்ற சொல் அவருக்கு அகப்படவில்லை.
கண்ணாடி இழுப்பறையில், காகிதக் கைத்துண்டுக்கடியில்.
காதுக்கருவியில் பேட்டரி செத்திருந்தது.
பார்வையையும் கேள்வியையும் எடுத்து வைத்துக்கொண்டு,
இரவில்லாத ஊரில் மாத்திரையும் கொடுத்து,
இருக்குமிடம் தெரிகிறதா என்று
யாரைக் கேட்பது?

ஒரே நாளில் திரும்பிவிடவில்லை.
காலையில் என் பெயரைச் சொன்னார்.
சாயங்காலம் இது யார் வீடு என்றார்.
நள்ளிரவில் தண்ணீர் கேட்டு, டம்ளரைப் பார்த்துப் பயந்தார்.
மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு
மறுபடி அடியில் போகிறவர் மாதிரி.
வந்த நேரம் பார்த்தவர்கள் தேறிவிட்டார் என்றார்கள்,
போன நேரம் பார்த்தவர்கள் முதுமை என்றார்கள்.

ஏழாம் நாள் ஆர்மாஸ் ஆரம்பித்தார்:
"நேற்று படகை வெளியே எடுத்து..."
"பச்சை அடித்திருப்பாய். வேண்டாம் என்று சொன்னேனே."
அவர் அரை வாக்கியத்தோடு என்னைப் பார்த்தார்.
அதை முடிக்கவே இல்லை.

கணினியில் பழைய பதிவை அழிக்க வழியில்லை.
மூன்று இரவுகள் அப்படியே இருக்கின்றன, என் பெயரோடு.
இப்போது பணி மாற்றும் வேளையில் யாராவது
நல்ல நோயாளி, சத்தமே இல்லை என்றால்
நேற்று எப்படி இருந்தார், வீட்டில் எப்படி என்று கேட்கிறேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் முறைக்கிறார்கள்.

சைக்கிளில் வீடு திரும்பும்போது
நானும் பின்னோக்கிச் சொல்லிப் பார்க்கிறேன்.
வைக்கோல் மாதம் தாண்டி
முத்து மாதம்வரை போய்விட முடிகிறது.
சேற்று மாதத்தில் மட்டும்
மிதியைக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது.